படித்துறையும் அரசமரமும்

இலக்கியம் வாழ்க்கையின் கண்ணாடி என்று சொல்லிச் சொல்லி, அந்த வாசகமே ரசம் போன கண்ணாடியாகிவிட்டது. கண்ணாடி தன் முன் நிற்பவரை மட்டுமே காட்டும். நல்ல சிறுகதையோ, அவருக்குப் பின்னால் நிற்பவர் யார், அவருடைய மடி முடிச்சில் என்ன இருக்கிறது என்பதையும் காட்டிவிடுகிறது. சட்டப் புத்தகங்களும் அரசாங்க அறிக்கைகளும் ஒரு காலத்தின் திருமணங்களைக் கணக்கெடுக்கும். அந்தத் திருமணங்களுக்குள்ளே மனிதர் எப்படி வாழ்ந்தனர், எப்படி மாண்டனர் என்பதைக் கதைகளிலேதான் தேடவேண்டும். காதலும் மணமும் ஊரின் எதிர்பார்ப்பும் ஒன்றோடொன்று மோதும் இரண்டு சிறுகதைகளை வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒன்று, ரவீந்திரநாத தாகூர் 1884ஆம் ஆண்டில் எழுதிய ‘காட்டேர் கதா’. படித்துறையின் கதை என்பது அதன் பொருள். மற்றது, வ. வே. சு. ஐயர் 1915ஆம் ஆண்டில் ‘விவேகபோதினி’ இதழில் தம் மனைவி பாக்கியலட்சுமி அம்மாளின் பெயரில் வெளியிட்ட ‘குளத்தங்கரை அரசமரம்’. தமிழின் முதற் சிறுகதை இதுதானா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஐயர் தாகூரின் கதையைத் தழுவினார் என்ற பேச்சும் நெடுங்காலமாக உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. அங்கே கதை சொல்வது கங்கைக்கரைக் கற்படி. இங்கே கதை சொல்வது குளக்கரை அரசமரம். இரண்டிலும் இளம்பெண் ஒருத்தி நீரில் மூழ்கி உயிர் விடுகிறாள். இரண்டிலும் ஒரு துறவி இருக்கிறான். ஆனால் ஐயர் எதனை எடுத்துக்கொண்டார் என்று கேட்பதோடு நமது விமர்சனம் பெரும்பாலும் நின்றுவிட்டது. அவர் எதனை மாற்றினார் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அந்த மாற்றத்துக்குள்ளேதான் முப்பத்தோராண்டு வரலாறு அடங்கிக் கிடக்கிறது.

தாகூரின் கதையை முதலில் நினைவுகூர்வோம். குசும் என்ற சிறுமி ஓயாது படித்துறைக்கு வந்து விளையாடுகிறவள். அவளுடைய காலடிகளைக் கல்லும் நேசிக்கிறது. ஒருநாள் அவளைக் காணவில்லை. மணம் முடித்து வேற்றூருக்கு அனுப்பிவிட்டார்கள். மீண்டும் வரும்போது அவள் எட்டு வயது விதவை. தொலைவில் வேலை பார்த்த கணவனை ஓரிரு நாட்களுக்கு மேல் அவள் கண்டதில்லை. அவன் இறந்த செய்தியும் கடிதத்தில் வந்ததுதான். ஆண்டுகள் கடந்து அவள் பருவமங்கையானபோது, கரையிலுள்ள சிவன் கோயிலுக்கு ஓர் இளந்துறவி வந்து தங்குகிறான். இவன் குசுமின் கணவனைப் போலிருக்கிறானே என்று ஊர்ப் பெண்கள் சிலர் முணுமுணுக்கிறார்கள். இல்லை என்கிறார்கள் வேறு சிலர். குசும் கோயிலைத் துப்புரவு செய்து, பூக்கொய்து, அவன் உரைக்கும் சாத்திரங்களைக் கேட்டு வருகிறாள். பின்னர் திடீரென வராது விடுகிறாள். காரணம் கேட்டபோது, கனவிலே தன் உள்ளத்துத் தலைவனாக அவனையே கண்டதாக உண்மையைச் சொல்லிவிடுகிறாள். தன்னை மறந்துவிடும்படி பணித்து, அன்றிரவே துறவி ஊரை விட்டுப் போகிறான். அவள் அந்தக் கட்டளைக்குப் பணிந்து, படியிறங்கி, ஆற்றுக்குள் போய்விடுகிறாள்.

ஐயரின் கதையில் ருக்மிணி செல்வர் காமேசுவரையரின் மகள். அயல்வீட்டு நாகராஜனுக்கும் அவளுக்கும் இளமையிலேயே அன்பு உண்டு. பன்னிரண்டு வயதிலே மணமும் நடந்துவிடுகிறது. அவள் கணவன் வீடு புகுவதற்கு முன்பே, காமேசுவரையரின் பணம் போட்டிருந்த கம்பெனி முறிந்து அவர் வறியவராகிறார். அதுவரை பாராட்டிச் சீராட்டிய சம்பந்திகளின் முகம் மாறுகிறது. மகனுக்கு வேறிடத்திலே பெண் பார்க்கிறார்கள். நாகராஜன் மறுத்துப் பேசவில்லை. கடைசி வேளையில் அந்த மணத்தை உதறிப் பெற்றோரின் முகத்தில் கரிபூசவேண்டும் என்பது அவனுடைய உள்ளெண்ணம். அதனைத் தன்னைக் கடிந்த நண்பன் சீனிவாசனிடம் வெளியிடுகிறான், மரமும் கேட்கிறது. ருக்மிணியிடம் மட்டும் சொல்லவில்லை. கணவன் தன்னைக் கைவிட்டான் என்று நம்பி அவள் குளத்தில் மூழ்குகிறாள். பின்னர் உண்மை தெரிந்து யாருக்குப் பயன்? நாகராஜன் காவி பூண்டு போய்விடுகிறான்.

இரு பெண்களையும் கொன்றது எது? குசுமைக் கொன்றவர் எவரையும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. கதையில் கொடுமைக்காரர் ஒருவருமில்லை. விதவைக்கு வாழ்வில்லை என்ற வழக்கம் காற்றைப் போல் எங்கும் பரந்திருக்கிறது; துறவியும் அதைச் சுவாசிக்கிறான், குசுமும் அதைச் சுவாசிக்கிறாள். இத்தனைக்கும் ஈசுவர சந்திர வித்தியாசாகரர் போராடிப் பெற்ற விதவை மறுமணச் சட்டம் 1856ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கதை எழுதப்பட்டபோது அதற்கு இருபத்தெட்டு வயது. சட்டம் ஏட்டில் இருந்தது, படித்துறைக்கு வரவில்லை. சென்னை மாகாணத்திலும் நிலை இதுவே. கந்துகூரி வீரேசலிங்கம் 1881ஆம் ஆண்டில் ராஜமகேந்திரபுரத்தில் விதவை மறுமணத்தை நடத்தி வைத்தபோது பலத்த எதிர்ப்பைச் சந்தித்தார். ‘சுதேசமித்திர’னைத் தோற்றுவித்த ஜி. சுப்பிரமணிய ஐயர் தம் விதவை மகளுக்கு 1889ஆம் ஆண்டில் பம்பாயில் மறுமணம் செய்வித்துச் சாதியாரின் பகையைத் தேடிக்கொண்டார். சட்டத்தைக் கொணரும் துணிவு வேறு, அதைத் தன் வீட்டு வாசலுக்குள் விடும் துணிவு வேறு என்பதற்கு இவை சான்று.

ருக்மிணியின் கதையில் காற்று மாறிவிட்டது. அவளைக் கைவிடும்படி எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. ஒரு கணக்குப் புத்தகம் சொல்கிறது. காமேசுவரையரின் பணம் போன கம்பெனி கற்பனையன்று. அர்பத்நாட் கம்பெனி சென்னையில் பெருவணிகமும் வங்கித் தொழிலும் நடத்திவந்த வெள்ளைக்கார நிறுவனம். தென்னாட்டின் உத்தியோகத்தரும் நிலமுடையோரும் விதவைகளும் தம் சேமிப்பை அதிலே போட்டு வைத்திருந்தனர். லண்டனிலிருந்த பங்காளியின் ஊக வாணிப நட்டங்களாலும் வேறு முறைகேடுகளாலும் 1906ஆம் ஆண்டு ஒக்டோபரில் அது முறிந்தது. அதன் தலைவர் சர் ஜோர்ஜ் அர்பத்நாட் மறு ஆண்டில் பதினெட்டு மாதக் கடுங்காவல் பெற்றார். வைப்பாளர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயல, உள்நாட்டார் முதலில் இந்தியன் வங்கி 1907ஆம் ஆண்டில் பிறந்தது. பொருளாதார வரலாற்று நூல்கள் இந்த அளவோடு அத்தியாயத்தை முடித்துக்கொள்ளும். ஐயரின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. லண்டனில் ஒருவர் ஆடிய சூதாட்டத்தின் கடைசிச் சீட்டு, தமிழ்நாட்டுக் குளமொன்றில் ஒரு சிறுமியின் தலையில் விழுகிறது. ஏகாதிபத்தியப் பணவுலகம் நமது அடுப்படி வரை வந்துவிட்டது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய தமிழ்க் கதை அதற்கு முன் உண்டோ?

தாகூருக்குப் பணத்தின் கொடுமை தெரியாது என்பது இதன் பொருளன்று. 1891ஆம் ஆண்டில் அவரே ‘தேனா பாவனா’ என்ற கதையை எழுதினார். வரதட்சிணைப் பாக்கியால் புகுந்த வீட்டில் அவமதிக்கப்பட்டு நிருபமா சாகிறாள். மறு மணத்துக்கு மாமியார் வீட்டார் முன்னிலும் பெரிய தொகையைக் கையோடு வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்கிறார்கள். அந்தக் கதையை எழுதிய கைதான், தம் வாழ்வில் வழக்கத்துக்கு வளைந்தும் கொடுத்தது. 1883ஆம் ஆண்டில் இருபத்திரண்டு வயதுத் தாகூர் மணந்தது பத்து வயதளவிலிருந்த ஒரு சிறுமியை. தம் மகளிர் இருவரை 1901ஆம் ஆண்டில் சிறுவயதிலேயே மணம் செய்து கொடுத்தார். 1910ஆம் ஆண்டில் தம் மகனுக்கு இளம் விதவையான பிரதிமா தேவியை மணம் முடித்து வைத்தவரும் அவரே. எழுத்தாளனின் பேனாவும் அவன் வீட்டு முற்றமும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. வரலாறு இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

ஐயரையும் இப்படியே பார்க்கவேண்டும். லண்டனில் புரட்சியாளரோடு பழகி, 1910ஆம் ஆண்டில் புதுச்சேரிக்கு வந்து புகலிடம் கொண்டு, அங்கிருந்து இக்கதையை எழுதியவர் அவர். ஆயினும் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் திருமணத்தை அவருடைய கதை குற்றமாகக் காணவில்லை. இனிய காட்சியாகவே காண்கிறது. 1891ஆம் ஆண்டுச் சட்டம், பெண்ணின் இணக்க வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியது. 1929ஆம் ஆண்டுச் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்கு ஆக்கியது. இவ்விரண்டுக்கும் நடுவிலே நின்று கதை பேசுகிறது. முதல் மனைவி உயிரோடிருக்க மற்றொருத்தியை மணப்பதும் அன்று இந்து ஆணுக்குச் சட்டபூர்வமான உரிமை. சென்னை மாகாணத்தில் அதற்குத் தடை வந்தது 1949ஆம் ஆண்டில்தான். ஆகவே ருக்மிணி ஏறி முறையிட நீதிமன்றமில்லை. அவளுக்கென இருந்தது கணவனின் வாய்ச்சொல் ஒன்றுதான். அதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

இரு கதைகளிலும் ஆணுக்கு ஒரு வழி திறந்திருப்பதைக் கவனிக்கவேண்டும். தாகூரின் ஆண் துறவியாக வருகிறான். ஐயரின் ஆண் துறவியாகப் போகிறான். துயரம் பொறுக்கமாட்டாத ஆடவனுக்குக் காவித்துணி இருக்கிறது, காடு இருக்கிறது, வழியெங்கும் சோறும் வணக்கமும் இருக்கின்றன. அதே துயரம் பெண்ணுக்கு வந்தால் அவளுக்குத் தண்ணீர் மட்டுமே இருக்கிறது. குசுமோ ருக்மிணியோ ஊரை விட்டுத் தனியே நடந்திருந்தால், ஊர் அதனைத் துறவு என்று சொல்லியிராது. வேறு பெயர் வைத்திருக்கும். தென்னாட்டில் இதற்கு மூன்றாவது வழியொன்றைத் திறந்தவர், தாமும் இளமையிலே விதவையான சகோதரி சுப்புலட்சுமி. 1911ஆம் ஆண்டில் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டுகளில் சென்னையில் இளம் விதவையருக்கு இல்லமும் கல்வியும் அமைத்தார். ‘குளத்தங்கரை அரசமரம்’ அச்சேறிய காலத்திலே, நீருக்கும் காவிக்கும் அப்பால் புத்தகமும் சம்பளமும் என்ற பாதையைச் சில பெண்கள் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். கதைக்குள் அந்தச் செய்தி எட்டவில்லை.

இனி, ஐயர் செய்த மிகப் பெரிய மாற்றத்துக்கு வருவோம். குசும் பேசினாள். தன் மனத்தில் உள்ளதை, அக்காலத்து விதவை பேசத் துணியாததை, நேரே சொன்னாள். கேட்டவன் மறுத்தான், எனினும் அவள் உண்மையை அறிந்தே ஆற்றில் இறங்கினாள். ருக்மிணிக்கு அந்த நிலையுமில்லை. அவள் பொய்யை நம்பி இறந்தாள். மாமனார், மாமியாரின் பேராசை அவளைக் குளக்கரை வரை கொண்டு வந்தது உண்மை. ஆனால் அங்கிருந்து அவளைத் திருப்பி வீட்டுக்கு அனுப்பக்கூடிய ஒரு வாக்கியம் நாகராஜனிடம் இருந்தது. அதை அவன் நண்பனிடம் சொன்னான். உரியவளிடம் சொல்லவில்லை.

உயர்தர வகுப்பிலே இக்கதையைப் படிப்பிக்கும்போது, மாணவியர் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி இதுதான்: அவன் ஏன் அவளிடம் சொல்லவில்லை? மாணவர்களோ, கடைசியில் எல்லாம் சரியாகியிருக்குமே என்கிறார்கள். இந்த இரண்டு பதில்களுக்கும் இடையில் ஒரு சமுதாயமே பிளந்து கிடப்பதைக் காணலாம். நாகராஜன் கெட்டவனல்லன், அன்புடையவன், பணத்தாசை இல்லாதவன். ஆனால் இந்த நாடகத்தின் ஆசிரியன் தான் என்றும், ருக்மிணி அதில் வரும் பாத்திரம் என்றும் அவன் எண்ணுகிறான். அவளைக் காப்பாற்றுவதாக நினைக்கிறான். அவளோடு கலந்து பேசவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. பெற்றோர் அவளைத் தொகையாகக் கண்டார்கள். அவன் அவளைப் பரிசு கொடுத்து மகிழ்விக்கவேண்டிய குழந்தையாகக் கண்டான். இருவர் பார்வையிலும் அவள் தன் வாழ்வைத் தானே முடிவு செய்யும் ஆள் அல்லள்.

கதை முடிவில் அரசமரம் ஆடவருக்குப் புத்திமதி சொல்கிறது: பெண்ணின் மனம் மலர் போன்றது, விளையாட்டாகவேனும் அதைக் கசக்காதீர் என்பது அதன் கருத்து. நல்லெண்ணத்தில் பிறந்த அறிவுரைதான். ஆயினும் இங்கே மரத்தோடு நாம் மாறுபடவேண்டியிருக்கிறது. ருக்மிணி மலராயிருந்ததால் சாகவில்லை. தன் வாழ்வைப் பற்றி எடுக்கப்பட்ட முடிவு தனக்குத் தெரிவிக்கப்படாததால் செத்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது மென்மையன்று, செய்தி. மலர் என்று போற்றுவதும் தொகை என்று எண்ணுவதும் ஒரே தவறின் இரு பக்கங்கள். இரண்டும் அவளிடம் கேள்வி கேட்பதில்லை.

இது காவிரிக்கரைக் கதை, கங்கைக்கரைக் கதை. நமக்கென்ன என்று மன்னார்க் கரையிலிருந்து கேட்கலாம். எங்கள் தீவில் கங்கையுமில்லை, காவிரியுமில்லை. மணலும் பனையும் கடலும்தான். ஆனால் ஐயரின் கதை வெளிவருவதற்கு முந்திய ஆண்டு, 1914இல், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிற்று. அதனோடு இணைந்த இருப்புப்பாதை தோட்டவெளியைத் தொட்டுக்கொண்டே சென்றது. மனிதரும் ஏடுகளும் வழக்கங்களும் கடல் கடக்கும் பெருவழி அது. 1964ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1990ஆம் ஆண்டில் போர் இந்த இருப்புப்பாதையை நிறுத்தியது. 2015ஆம் ஆண்டில்தான் தலைமன்னாருக்கு மீண்டும் ரயில் வந்தது. வழிகள் அடைபட்ட காலத்திலும் ஒரு வழக்கம் மட்டும் தங்குதடையின்றி வாழ்ந்தது. அதன் பெயர் சீதனம்.

தோட்டவெளி, 1544ஆம் ஆண்டில் சங்கிலி மன்னன் ஆணையால் உயிர் நீத்த கிறிஸ்தவர்களின் நினைவைப் போற்றும் கத்தோலிக்க ஊர். விதவை மறுமணத்தைத் திருச்சபை என்றும் தடுத்ததில்லை. இலங்கையின் பொதுச் சட்டமும் 1995ஆம் ஆண்டில் மணவயதைப் பதினெட்டாக்கியது. குசுமைக் கொன்ற சாத்திரம் இங்கே சட்டத்திலுமில்லை, சமயத்திலுமில்லை. ஆயினும் போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின், கணவனை இழந்த எத்தனையோ இளம் பெண்கள் வடபுலமெங்கும் மங்கல வீடுகளில் பின்வரிசையிலேயே நிற்கிறார்கள். எந்த ஏட்டிலும் எழுதப்படாத விதியொன்று அவர்களை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறது. ருக்மிணியைக் கொன்ற கணக்குப் புத்தகமோ இன்னும் பருத்துவிட்டது. அதற்குச் சமய பேதமில்லை. சைவ வீட்டுத் திண்ணையிலும் அது விரிக்கப்படுகிறது. சிலுவை தொங்கும் விறாந்தையிலும் விரிக்கப்படுகிறது.

ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டில் தொகுத்த தேசவழமையில் சீதனம் பெண்ணின் சொத்து. தாயின் சீதனம் மகளுக்கு இறங்குவது, பெண் வெறுங்கையாய் நிற்கக்கூடாது என்ற பழைய ஏற்பாடு. ஆனால் தன் பெயரிலுள்ள காணியை விற்கவும் மணமான பெண்ணுக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பதையும் அதே முறைமை வைத்திருக்கிறது. போதாக்குறைக்கு, பெண்ணின் கைக்கே வராமல் மாப்பிள்ளை வீட்டாரிடம் போகும் ‘டொனேசன்’ என்ற ரொக்கம் வேறு சேர்ந்துகொண்டது. இந்தியா 1961ஆம் ஆண்டில் வரதட்சிணையைச் சட்டத்தால் தடுத்தது. சட்டம் வந்தபின் பேரம் மறைவிடத்துக்கு நகர்ந்ததேயன்றி ஒழியவில்லை. இங்கோ மறைவிடமும் தேவைப்படவில்லை. அக்காளின் வீட்டுக்காகத் தம்பி கடல் கடக்கிறான். தகப்பன் வள்ளத்தை அடகு வைக்கிறான். பேச்சுவார்த்தை முன்வீட்டில் நடக்கும்போது, யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவள் குசினியில் தேநீர் ஊற்றுகிறாள்.

அவ்வேளையில் மாப்பிள்ளை என்ன செய்கிறான்? பெரும்பாலும் நல்ல பிள்ளைதான். படித்தவன், சீதனத்துக்கு எதிராகப் பள்ளிக்கூட மேடையில் பேசிப் பரிசு வாங்கியிருக்கவும் கூடும். ‘எனக்கு ஒன்றும் வேண்டாம், அம்மா அப்பாவின் விருப்பத்துக்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன்’ என்கிறான். இந்த வாக்கியத்தை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். பேராசைக்காரரை ஊர் அடையாளம் காணும். அவர்களை எதிர்க்கவும் முடியும். கண்ணியமானவனின் மௌனத்தை எப்படி எதிர்ப்பது? அது நல்லொழுக்கம் போல் உட்கார்ந்திருக்கிறது. சீதனம் இன்று வாழ்வது பேராசைக்காரரின் பலத்தால் மட்டுமன்று, நல்லவர்களின் வாய்மூடலாலும்தான்.

படித்துறைக்கும் அரசமரத்துக்கும் எல்லாம் தெரியும். யார் அழுதார், யார் பேரம் பேசினார், யார் உண்மையை மறைத்தார் என்பதை அவை கண்டன, கேட்டன. பெண் இறங்கியபோது அவற்றால் கையை நீட்ட முடியவில்லை. இரு ஆசிரியர்களும் சாட்சியாகக் கல்லையும் மரத்தையும் தேர்ந்தது தற்செயலன்று என்றே தோன்றுகிறது. கண்டும் பேசாதிருக்கும் ஊருக்கு அவற்றைவிடப் பொருத்தமான உருவம் ஏது? ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அரசமரத்துக்கு வாய் இல்லை. முன்வீட்டில் அமர்ந்திருக்கும் மாப்பிள்ளைக்கு உண்டு. பக்கத்தில் அமர்ந்திருக்கும் நமக்கும் உண்டு. குசினியிலிருப்பவளை அழைத்து, அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டு, இங்கே பேசப்படுவது இதுதான், உன் முடிவு என்ன என்று கேட்பதற்குச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.